வால் வெட்டிய பைகள்

சைக்கிள் ஹேண்டில்பாரில் பையை மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் பையக்கா குடியிருக்கும் தெருப்பக்கம் போகாமல் இருப்பது உடம்புக்கு நல்லது. அவள் அடிக்க மாட்டாள். ஆனால் அவள் பேசுவதைக் கேட்பதற்கு இரண்டு அடி வாங்கிக்கொண்டு போய்விடலாம். "நில்லுங்க" என்று ஒரு சத்தம் போடுவாள். யாரோ தெரிந்தவர் கூப்பிடுகிறார் என்று நினைத்து ஆளும் நிற்பார். முன்பின் தெரியாத அந்த மனிதரிடம், பை எங்கே தொங்குகிறது, சக்கரம் எங்கே சுற்றுகிறது, இரண்டுக்கும் நடுவில் எத்தனை விரல் இடைவெளி இருக்கிறது, வீட்டில் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறார்களா இல்லையா என்று மூச்சுவிடாமல் கேட்பாள். ஒருமுறை மின்சார மீட்டர் பார்க்க வந்தவரையே இப்படி நிறுத்தி வறுத்தெடுத்துவிட்டாள். அதற்கப்புறம் அவர் சைக்கிளைத் தெருமுனையில் பூட்டிவிட்டு நடந்துதான் வருகிறார்.

இந்தக் கோபத்துக்குக் காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அவள் கணவர் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும் வயதானவர்களுக்கும் வீடு தேடி மருந்து கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. ஒரு நாள் இருமல் மருந்து பாட்டில்களும் மாத்திரை அட்டைகளுமாக ஹேண்டில்பாரில் தொங்கிய பை, ஆடி ஆடி முன்சக்கரக் கம்பிக்குள் புகுந்தது. சக்கரம் நின்றுவிட்டது, அவர் நிற்கவில்லை. பறந்துபோய்க் குப்புற விழுந்ததில் முன்பல் இரண்டும் தெருவோடு போயின. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பரிதாபப்பட்டார்கள். பையக்காவுக்குப் பரிதாபமே வரவில்லை. கட்டிலில் முகம் வீங்கிப் படுத்திருந்த மனிதரைப் பார்த்து அவளுக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. மெல்லிசான பிளாஸ்டிக் பையில் மருந்தைப் போட்டுக் கொடுத்த கடைக்காரர் மேல் கோபம். அதை வாங்கிக் கொண்டுபோய் மாட்டிய கணவர் மேல் கோபம். மனுஷன் உட்காரவும் கால் வைக்கவும் மணியடிக்கவும் இடம் வைத்தவன், மனுஷன் கொண்டுபோகிற சாமானுக்கு ஒரு இடம் வைக்கவில்லையே என்று சைக்கிள் செய்தவன் மேலும் கோபம். அந்த ஆள் மட்டும் கையில் கிடைத்திருந்தால் அன்றைக்கு அவனுக்கும் பல் மிஞ்சியிருக்காது.

அப்போது அவள் லாரித் தார்ப்பாய் தைக்கும் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தாள். உட்கார்ந்து தைக்கிற வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். தார்ப்பாயைத் தூக்கித் தோளில் போட்டுத் தள்ளிக்கொண்டே தைக்க வேண்டும், ஒரு நாள் முடிவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். பட்டறைக்காரர் நல்ல மனிதர். மூலையில் கிடந்த கிழிந்த துண்டுகளை எடுத்துப்போகச் சொன்னார். பையக்கா அவற்றைச் சுருட்டிக்கொண்டு வந்து, கணவருக்கு ஒரு பை தைத்தாள். கேரியரின் பக்கவாட்டில் தொங்குகிற பை.

அந்த முதல் பையைப் பற்றி அவள் முன்னால் யாரும் பேசக் கூடாது. பெட்டியும் இல்லாமல் மூட்டையும் இல்லாமல் ஒரு உருவம். மிதிக்கிறபோது அவருடைய குதிகால் அதில் இடித்தது. பையின் அடிப்பாகம் சக்கரத்துப் பக்கம் சாய்ந்து கம்பியை உரசியது. பல்லைத்தான் கொடுத்தோம், காலையும் கொடுக்கச் சொல்கிறாளோ என்று அவர் நினைத்திருக்கலாம். வாய் திறந்து சொல்லவில்லை. அவள் பிரித்தாள், தைத்தாள், மறுபடி பிரித்தாள். குதிகால் படும் மூலையைச் சாய்வாக வெட்டினாள். வீட்டுமனை விளம்பரத்துக்காகக் கம்பத்தில் கட்டுவார்களே, அந்தப் பிளாஸ்டிக் அட்டை ஒன்றை உள்ளே வைத்துத் தைத்ததும் பை நிமிர்ந்து நின்றது. அதற்கு முதுகு என்று பெயர் வைத்தாள். பெயின்ட் வாளியின் கைப்பிடிக் கம்பியை வளைத்துக் கேரியரில் மாட்டுவதற்குக் கொக்கி செய்தாள். அது காது. அப்புறமும் பை ஆடியது. கடைசியில் பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் வெட்டி, பையின் அடியில் தைத்து, நுனியில் ஒரு கொக்கி போட்டு, இழுத்துப் பின்சக்கர நட்டில் மாட்டினாள். பை ஆடாமல் அசையாமல் நின்றது. அதுதான் வால்.

முதுகு இல்லாவிட்டால் பை தொய்யும், அவ்வளவுதான். காது சரியில்லாவிட்டால் பை கழன்று கீழே விழும், எடுத்துக்கொள்ளலாம். வால் இல்லாவிட்டால் பை சக்கரத்துக்குள் போகும், ஆள் விழுவார். இதைத்தான் அவள் வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னாள். பட்டறை மூடிய பிறகு அங்கிருந்த பழைய தையல் மெஷின் ஒன்று அவள் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தது. பால் போடுகிறவர், வீடுகளுக்குப் போய் ஊசி போடும் நர்ஸ், கத்தி சாணை பிடிக்கிறவர் என்று ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். தெருவுக்கு அவள் பையக்கா ஆனாள்.

தார்ப்பாய் கிடைக்காதபோது விளம்பர பேனர். கார்களைப் பிரித்துப் போடும் பழைய இரும்புக்கடையில் சீட் பெல்ட். பையைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொள்வதற்கு அந்த பெல்ட்தான் தோள்பட்டை. கொண்டுவந்த எல்லாவற்றையும் கொல்லைப்புறக் குழாயடியில் போட்டுச் சோப்புத் தண்ணீர் ஊற்றி, பிரஷ் வைத்து, புழுதியும் கரியும் போகும்வரை தேய்ப்பாள். தேய்த்துக் காய்ந்த பேனரில் அச்சடித்த பக்கத்தை உள்ளே வைத்து, வெள்ளைப் பக்கம் வெளியே வருகிற மாதிரித் தைப்பாள். பையைத் திறந்தால் உள்ளே பற்பசை விளம்பரத்தின் பாதிச் சிரிப்பு தெரியும், அல்லது மாடிவீட்டின் ஒரு ஜன்னல் தெரியும். வெளியே இருந்து பார்த்தால் அது பேனர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதில் அவளுக்கு ஒரு பெருமை.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தாள். சைக்கிள் வராமல் பை போகாது. எவ்வளவு அவசரமானவராக இருந்தாலும் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வரவேண்டும், அவள் கையால் காதை மாட்டி, வாலை இழுத்து நட்டில் கட்டி, பின்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் காதை வைத்துக் கேட்ட பிறகுதான் பை கைமாறும். பரிசு கொடுக்க வேண்டும், பொட்டலமாகக் கட்டித் தா என்று கேட்டவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். திமிர் என்று சிலர் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டாள்.

அந்த வழக்கத்தை அவள் மீறியது நாத்தனாருக்காக.

நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, கடைவீதியின் பெரிய கடை ஒன்றில் வேலை பார்த்தாள். வீட்டை அலங்கரிக்கிற சாமான்கள் விற்கிற கடை. மெழுகுவத்திகூட அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். கெட்டிக்காரி, கலகலப்பானவள், யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாதவள். பையக்கா தைத்த பை ஒன்றில் தன் சாப்பாட்டு டப்பாவை வைத்துக்கொண்டு போனதைக் கடை முதலாளியம்மா பார்த்துவிட்டார். வீணாகப் போகிற பொருளில் செய்தது என்று தெரிந்ததும் அவருக்கு ஆசை பிடித்துக்கொண்டது. கடைச் சுவரில் வரிசையாக மாட்டி வைக்கிறேன், ஒரு சுவர் முழுக்க உங்கள் அண்ணி பைதான் என்று சொல்லி அனுப்பினார்.

பையக்கா முடியாது என்றாள். சைக்கிள் எங்கே, யார் மாட்டிக் கொடுப்பார்கள் என்று கேட்டாள். நாத்தனார் நாள்தோறும் வந்து உட்கார்ந்து கரைத்தாள். கடையில் தன்னை நிரந்தரமாக்கப் போகிறார்கள், இந்த நேரத்தில் இதை நடத்திக் கொடுத்தால் தனக்கு ஒரு மரியாதை என்று கண்ணைக் கசக்கினாள். வாங்குகிறவர்களுக்கு வாலை எப்படி மாட்டுவது என்று தானே நின்று சொல்லிக் கொடுப்பதாகச் சத்தியம் செய்யாத குறை. கணவரும் பாவம், தங்கச்சி கேட்கிறாள் என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். பையக்கா மனசில்லாமல் தலையாட்டினாள்.

அப்புறம்தான் தெரிந்தது, அச்சடித்த பக்கம் வெளியே தெரிய வேண்டுமாம். கொஞ்சம் அழுக்கும் இருந்தால் நல்லதாம். பார்த்த உடனே இது குப்பையிலிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் வாங்குவார்களாம். பையக்காவுக்கு இது தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அவள் நாள் முழுக்கக் குழாயடியில் முதுகு ஒடிய உட்கார்ந்து தேய்ப்பது குப்பை என்று தெரியாமல் இருப்பதற்காக. இவர்கள் குப்பை என்று தெரிவதற்காகவே காசு கொடுப்பார்கள் என்றால், அவள் தேய்த்த தேய்ப்பெல்லாம் வெட்டி வேலையா? கொதித்துப் போனாள். இருந்தாலும், படம் வெளியே இருந்தால் யாரும் விழுந்துவிடப் போவதில்லை என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு, படத்தை வெளியே வைத்துத் தைத்தாள். அழுக்கு மட்டும் ஆகாது என்று சொல்லிவிட்டாள். ஒவ்வொரு பையிலும் வாலைச் சுருட்டி, அடியில் நூலால் கட்டி, நாத்தனாரை உட்காரவைத்து அவிழ்ப்பதும் மாட்டுவதும் எப்படி என்று செய்து காட்டினாள். நாத்தனார் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள்.

பைகள் போன வேகம் தெரியவில்லை. சுவர் காலியாகிக்கொண்டே வருகிறது என்று நாத்தனார் வந்து சொன்னாள். கணவர் மருந்து கொடுக்கப் போகிற வீடுகளில் எல்லாம் சொல்லி மகிழ்ந்தார். பையக்காவுக்கும் உள்ளூர உச்சி குளிர்ந்துதான் இருந்தது. பெரிய கடையின் விளக்கு வெளிச்சத்தில் தன் பைகள் எப்படி இருக்கும் என்று ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

காய்கறி வாங்கித் திரும்பிக்கொண்டிருந்த ஒரு காலை நேரத்தில்தான் அந்தப் பெண் அவளைக் கடந்து போனாள். கல்லூரிக்குப் போகிற வயது. சைக்கிளின் பின்னால் பையக்காவின் பை. மின்விசிறி விளம்பரத்தின் நீல இறக்கை ஒன்று அதன்மேல் பெரிதாகத் தெரிந்தது, அதனால் தன் கையால் வெட்டியது என்று உடனே அடையாளம் கண்டுகொண்டாள். சந்தோஷப்பட வாய் திறந்தவளுக்கு அடுத்த நொடி சத்தம் கேட்டது. டிக், டிக், டிக். பை சக்கரத்துப் பக்கம் சாய்வதும் கம்பி அதைத் தட்டிவிடுவதுமாக இருந்தது. பையக்கா காய்கறியைப் போட்டது போட்டபடி "நில்லும்மா, நில்லு" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

பெண் பயந்துபோய் நிறுத்தினாள். பையக்கா குனிந்து பையின் அடியைத் தடவினாள். வால் இல்லை. கழன்று விழவில்லை, அறுந்துபோகவும் இல்லை. தையலை ஒட்டிக் கத்தரிக்கோலால் நேராக, அழகாக வெட்டப்பட்டிருந்தது. யார் வெட்டியது என்று கேட்டாள். வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது, கடையில் மாட்டியிருந்த எல்லாப் பையும் இப்படித்தான் இருந்தது என்று அந்தப் பெண் சொன்னாள். எல்லாப் பையும். பையக்கா கையில் மிஞ்சியிருந்த வெறும் காய்கறிப் பையின் கயிற்றை அவிழ்த்து, அதையே வாலாக இழுத்துக் கட்டி, அந்தப் பெண்ணை மெதுவாகப் போகச் சொல்லிவிட்டு நேராகக் கடைவீதிக்கு நடந்தாள். தக்காளி நடுத்தெருவில் கிடந்தது. அதை நினைத்துப் பார்க்கிற நிலையில் அவள் இல்லை.

கடைக்குள் குளிர்ச்சியாக இருந்தது, வாசனையாக இருந்தது. சுவரில் மிச்சம் இருந்த பைகள் வாலில்லாமல் மொட்டையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை கட்டியிருந்தார்கள். அட்டையில் பையக்காவின் படம். நாத்தனார் எப்போதோ விளையாட்டாக எடுத்தது. குழாயடியில் பேனர் தேய்த்துக்கொண்டிருக்கிறாள், கண்ணில் சோப்பு போய் எரிச்சலில் முகத்தைச் சுளித்திருக்கிறாள், தலை கலைந்திருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு அழுகிற மாதிரித்தான் இருக்கும். கீழே எழுதியிருந்தது: குப்பை பொறுக்கிப் பிழைக்கும் ஓர் ஏழைத் தாயின் கைகள் தைத்தது. நீங்கள் வாங்கும் ஒவ்வொரு பையும் அவள் வீட்டில் ஒருவேளைச் சோறு.

அவள் வீட்டில் மூன்று வேளையும் அடுப்பு எரிகிறது. தினமும் யாராவது ஒருவர் சாப்பாட்டு நேரம் பார்த்து வந்து சேர்கிற அளவுக்கு எரிகிறது. பிள்ளை இல்லாத அவளை யாருக்குத் தாய் ஆக்கினார்கள் என்பதும் தெரியவில்லை. யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ரத்தம் கொதிக்கும். கடை முதலாளியம்மா அவளை அடையாளம் கண்டுகொண்டு, அவள் கண் அட்டைமேல் இருப்பதையும் பார்த்துவிட்டு, ஓடி வந்தார். நாற்காலி போடச் சொன்னார். படம் பிடிக்கவில்லையென்றால் நல்ல உடை உடுத்தி வேறு எடுத்துக்கொள்ளலாம், வாசகத்தையும் மாற்றிவிடலாம், மனசில் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று பூசி மெழுகினார். உண்மையாகவே வருத்தப்பட்ட மாதிரித்தான் தெரிந்தது.

"அட்டையில நீங்க என்ன வேணா எழுதிக்குங்க. என்னைப் பிச்சைக்காரின்னுகூட எழுதிக்குங்க, அது அப்புறம்" என்றாள் பையக்கா. "வால் எங்க?"

முதலாளியம்மாவுக்கு எந்த வால் என்றே தெரியவில்லை. நாத்தனாருக்குத் தெரிந்தது. சுவரில் மாட்டும்போது கறுப்புக் கறுப்பாகத் தொங்கிக்கொண்டு பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று முதலாளியம்மா ஒரு தடவை முகம் சுளித்திருக்கிறார். எடுத்துவிட முடியுமா என்று கேட்டிருக்கிறார். யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாத நாத்தனார், கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள்.

"சுவத்துல மாட்டறவங்கதான் நிறையப் பேர் வாங்கறாங்க அண்ணி. சைக்கிளுக்கே போகாதுன்னு நினைச்சேன். சும்மாதானே தொங்குதுன்னு..." என்று இழுத்தாள்.

"உங்க அண்ணன் வாயைப் பாத்த பிறகுமா உனக்கு அது சும்மா தொங்கற மாதிரி தெரிஞ்சுது?"

வெட்டிய வால்களை என்ன செய்தாய் என்று பையக்கா கேட்டபோது, நாத்தனார் மெல்லக் கையை நீட்டிக் காட்டினாள். அங்கே ஒரு மேசைமேல் பரிசுப் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. பழுப்புக் காகிதம் சுற்றிய பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் ரிப்பனுக்குப் பதிலாகப் பையக்காவின் ட்யூப் வால், பூப்போல முடிச்சுப் போட்டு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த அழகுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. ஒரு மனுஷனின் கைகால் முழுசாக வீடு போய்ச் சேரட்டும் என்று அவள் விரல் தேய வெட்டிய வால், மெழுகுவத்திப் பெட்டிக்குப் பூவாக உட்கார்ந்திருந்தது. அவள் யாரையும் கேட்கவில்லை. பொட்டலம் பொட்டலமாக முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். கடையில் நின்றவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். சுவரில் இருந்த பைகளையும் இறக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். முதலாளியம்மா தடுக்கவில்லை. தப்பு நடந்துவிட்டது என்று சொன்னார், விற்ற பைகளை யார் யார் வாங்கினார்கள் என்று கேட்டதற்கு மட்டும், வருகிறார்கள் போகிறார்கள், யார் எவர் என்று எப்படித் தெரியும் என்று கையை விரித்தார்.

வீட்டுக்கு வந்து பையக்கா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய்கூட உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வெட்டியது நீ இல்லையே, வாங்கினவர்கள் வீடு தெரியாதபோது நாம் என்ன செய்ய முடியும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவ்வளவுதான்.

"தச்சது நான்தானே? நாளைக்கு ஒருத்தி பாலத்து இறக்கத்துல குப்புற விழுந்தா, யார் பையில விழுந்தான்னு கேப்பாங்களா, யார் கத்தரிக்கோல்ல விழுந்தான்னு கேப்பாங்களா?" என்று கேட்டாள். சைக்கிள் வராமல் பை தரமாட்டேன் என்று இருந்தவள், யார் முகத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு தந்தேனோ என்று கேட்டுத் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். அவளுக்கு அவள் மேலேயே இருந்த கோபம் அது. மற்ற கோபங்களையெல்லாம் விட அதுதான் பெரிதாக இருந்தது.

பாலம் என்று அவள் வாயிலிருந்து வந்ததைக் கணவர் பிடித்துக்கொண்டார். ரயில் பாதைக்கு மேலே போகிற அந்தப் பாலத்தைத் தாண்டாமல் இந்தப் பக்கத்துச் சைக்கிள் எதுவும் கடைவீதிக்கோ கல்லூரிக்கோ போக முடியாது. ஏற்றத்தில் யாராலும் மிதிக்க முடியாது, இறங்கித் தள்ளித்தான் ஆகவேண்டும். பாலத்து உச்சியில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் மறுபடி ஏறி உட்காருவார்கள்.

"உச்சியில நின்னா எல்லாரையும் பிடிச்சிடலாம்" என்றார்.

மறுநாள் காலையிலிருந்து இருவரும் பாலத்து உச்சியில் நின்றார்கள். வெயிலென்றால் வெயில், அப்படி ஒரு வெயில். கீழே ரயில் போகிறபோதெல்லாம் பாலம் அதிர்ந்தது. முதலில் யாருக்கும் என்ன விஷயம் என்று புரியவில்லை. ஏதோ விற்கிறார்கள் என்று நினைத்து வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டே போனார்கள். கட்டட மேஸ்திரி ஒருவர் தன் பையில் கைவைத்ததும் திருடி என்று சத்தம் போட்டுவிட்டார். பையக்கா பதிலுக்குப் போட்ட சத்தத்தில் அடங்கினார். ஒரு வாத்தியார், எனக்கு இப்படி இருப்பதுதான் பிடித்திருக்கிறது, கறுப்பு வால் எல்லாம் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தார். கணவர் பேச்சே கொடுக்கவில்லை, வாயைத் திறந்து காட்டினார். வாத்தியார் சைக்கிளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

நாத்தனார் வருவாள் என்று இருவரும் எதிர்பார்க்கவில்லை. கடைக்குப் போகிற உடையில் வந்தாள். கடைக்குப் போகவில்லை. மன்னிப்பு என்ற பேச்சையும் எடுக்கவில்லை. பாலத்துக் கைப்பிடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த பழைய ட்யூபை வெட்டி நீட்ட ஆரம்பித்தாள். பையக்கா அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீட்டியதை மட்டும் வாங்கிக்கொண்டாள். வெட்டு கோணலாக இருந்தபோது ஒரு தடவை திருப்பிக் கொடுத்தாள்.

இப்படியே நாட்கள் போயின. பைகள் ஒவ்வொன்றாக வந்து அகப்பட்டன. நீல இறக்கைப் பெண் தன் தோழியையும் அவள் பையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். விஷயம் பரவி, சுவரில் மாட்டியிருந்தவர்கள்கூடப் பையை எடுத்துக்கொண்டு வந்தார்கள். தைத்துக் கொடுத்தவற்றை எல்லாம் பையக்கா மனசுக்குள் படம் படமாக வைத்திருந்தாள். குதிரைத் தலை வந்துவிட்டது, சோப்பு நுரை வந்துவிட்டது, மஞ்சள் கார் வந்துவிட்டது. ஒன்று மட்டும் வரவில்லை. ஒரு குழந்தைகள் பவுடர் விளம்பரத்தில் வெட்டியது, ஒரு பிஞ்சுக் கை மட்டும் தெரியும். எந்த வீட்டுச் சுவரிலாவது மாட்டியிருப்பார்கள் என்று நாத்தனார் சொல்லிப் பார்த்தாள். சுவரில் மாட்டியிருப்பது கண்ணால் தெரிகிறவரைக்கும் அது சாலையில்தான் இருக்கிறது என்று பையக்கா சொல்லிவிட்டாள்.

அது ஒரு மதிய நேரத்தில் ஏறி வந்தது. முப்பது வயதுப் பெண் ஒருத்தி, அலுவலக அடையாள அட்டை கழுத்தில் தொங்க, வியர்த்து வழியச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முன்னால் கம்பியில் பொருத்திய சின்ன இருக்கையில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. பின்னால் அந்தப் பிஞ்சுக் கை, சக்கரத்துப் பக்கம் சாய்ந்து சாய்ந்து ஆடிக்கொண்டு வந்தது. பையக்கா ஓடிப்போய்ப் பின்சக்கரத்தின் அருகில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். கணவர்தான் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். பையின் ஓரத்தில் கம்பி அறுத்து அறுத்து நூல் பிரிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்கும் விளங்கியிருக்க வேண்டும், குழந்தையின் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

பையக்கா கீழே உட்கார்ந்தபடி வாலைத் தைத்துக்கொண்டிருந்தாள். தலைமுடி முகத்தில் விழுந்தது, வியர்வை கண்ணில் இறங்கியது, முகத்தைச் சுளித்தாள். அந்த முகத்தை மேலிருந்து பார்த்த பெண்ணின் பார்வை மாறியது.

"நீங்க... அந்த அட்டையில இருக்கறவங்கதானே?" என்றாள். அவள் கண் கலங்கிவிட்டது. கைப்பையைத் திறந்து, ஒரு நோட்டை நாலாக மடித்து, பையக்காவின் விரல்களுக்குள் திணித்து, இரண்டு கையாலும் பொத்தினாள். "வச்சுக்குங்கம்மா. சாப்பிடுங்க."

கணவர் பையக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழந்தையின் பக்கமாக நகர்ந்து நின்றார். நாத்தனாரின் கத்தரிக்கோல் நின்றுவிட்டது. பையக்காவுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலைவரை எரிந்தது. அந்த நோட்டைச் சுக்குநூறாகக் கிழித்து ரயில் பாதையில் வீச வேண்டும் போல இருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை வாய்வரை வந்துவிட்டது. என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்று அந்தக் கடையில் சொன்னது அவள்தான், அதுவும் ஞாபகத்துக்கு வந்து இன்னும் எரிந்தது.

ஆனால் முடிச்சு இன்னும் விழவில்லை. நோட்டைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டாள். தைத்தாள், நூலை இழுத்து முடிச்சுப் போட்டாள், வாலை இழுத்து நட்டில் மாட்டினாள், சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிக் காதை வைத்துக் கேட்டாள். பிறகு எழுந்து, வாயிலிருந்த நோட்டை எடுத்து, பையின் மூடியைத் திறந்து உள்ளே போட்டு, மூடியை அழுத்தி மூடினாள்.

"என் பையில ஓட்டை கிடையாது. பத்திரமா இருக்கும்" என்றாள். "பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே இறங்கு."

அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. சைக்கிளில் ஏறிக்கொண்டாள். சைக்கிள் இறக்கத்தில் வேகம் எடுத்தது. பையக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கோபம் தணியாமல், அது அடிவாரம் போய்ச் சேரும்வரை கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். பை அசையவே இல்லை.